துரை வீட்டு ரேடியோ

“இது புது வால்வே இல்லவே! எவன் வீட்டுப் பரண்ல கெடந்ததையோ தொடச்சு மாட்டிக் குடுத்திருக்க!”

மிக்கேல் போட்ட சத்தத்தில் மூணாறு பஜாரில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ரேடியோ ரிப்பேர் கடைக்காரன் ஆசீர்வாதம் அவர் கொண்டுவந்த சாக்கைப் பிரித்து, அந்தப் பழைய பெட்டியை வெளியே எடுத்து பிளக்கைச் செருகினான். கொஞ்ச நேரம் சூடேறியது. பிறகு திருச்சூர் நிலையம் கணீரென்று செய்தி வாசித்தது.

“நல்லாத்தான கேக்கு அண்ணாச்சி?”

“இங்க கேக்கும்! என் வீட்டுல கொண்டுபோய் வச்சா சட்டியில கடுகு வெடிச்ச மாதிரி ஒரே சடசடப்பு. ஆறு மைல் பஸ்ல வாரதுக்குள்ள சீவன் போற சாமானுக்கா நான் துட்டு குடுத்தேன்?”

“சித்திரபுரத்துல சுத்தியும் மலை. அதனால ஒருவேள...”

“ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்! கைநீட்டிக் காசு வாங்கினா வேலைய ஒழுங்காச் செய்யணும்வே. இல்ல, வேற தொழிலுக்குப் போயிரணும்.”

எழுபத்திரண்டில் எஸ்டேட் துரை சீமைக்குக் கிளம்பியபோது ஏலத்தில் வந்த ரேடியோ அது. புது டிரான்சிஸ்டர் வாங்க மிக்கேலின் சம்பளம் இடம் கொடுக்காது. அதனால் மூன்று மாதமாக மாதத்துக்கு ஒரு சாமானாக மாற்றிக்கொண்டிருந்தார். கிறிஸ்துமசுக்கு வளர்த்த சேவல் ஸ்பீக்கராயிற்று. மனைவி செபமாலையம்மாளின் சீலைக் காசு கண்டன்சராயிற்று. கடைசியாகத்தான் இந்த வால்வு. சடசடப்பு மட்டும் வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

எல்லாம் மகன் பொன்ராஜுக்காக. கோயம்புத்தூர் மில்லில் வேலை பார்க்கிற பையன், மில் அணியின் கோல்கீப்பர். சனிக்கிழமை பாலக்காட்டில் இறுதிப் போட்டி. ரேடியோவில் நேர்முக வர்ணனை உண்டு என்று கடிதம் போட்டிருந்தான். பெற்ற பிள்ளையின் பெயரை ரேடியோ சொல்லி ஒரு தடவை காதால் கேட்டுவிட வேண்டும். மிக்கேலுக்கு வேறு ஆசை கிடையாது.

“சனிக்கிழமை நீயே என் வீட்டுக்கு வா. வந்து அந்தக் கண்றாவியக் கேட்டுட்டுப் போ!” என்று கட்டளை போட்டுவிட்டு சாக்கைத் தோளில் ஏற்றினார்.

சனிக்கிழமை நாலரை மணிக்கே ஆசீர்வாதம் பை நிறைய கருவிகளோடு வந்துவிட்டான். சின்ன டிரான்சிஸ்டர் ஒன்றும் கூடவே கொண்டு வந்திருந்தான். மிக்கேல் லீவு போட்டுவிட்டு ரேடியோவுக்கு எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து பக்கத்து லயத்து வரிசை வீட்டுக் கருத்தப்பாண்டி வாசலில் தலைகாட்டி ஒரு புகார்த் தாளை நீட்டினார். “பராதி எழுதியிருக்கேன் அண்ணாச்சி. இது மூணாவது. ஒரு கண்ணு பாத்துருங்க.”

“இப்பத்தான் நேரம் கெடச்சுதாக்கும் உமக்கு? திங்கக்கிழமை பாக்கேன், போம்!” மிக்கேல் தாளைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நாலாக மடித்து, ரேடியோவின் உடைந்த காலுக்கு அண்டை கொடுத்தார். முந்தைய இரண்டும் ஏற்கெனவே அங்கேதான் இருந்தன.

ஆட்டம் தொடங்கியது. பாதி வர்ணனை, பாதி சடசடப்பு. ஆசீர்வாதம் வால்வைக் கழற்றித் துடைத்தான், வயரை மாற்றினான், ஏரியலை ஜன்னலுக்கும் கூரைக்குமாக இழுத்தான். மலையில் பனிமஞ்சு இறங்க இறங்கச் சத்தம் கூடியதே தவிரக் குறையவில்லை. மிக்கேல் ரேடியோ மண்டையில் ரெண்டு தட்டுத் தட்டினார். அதற்கும் மசியவில்லை.

கடைசி நிமிஷத்தில் எதிரணிக்குப் பெனால்டி. வர்ணனைக்காரர் தொண்டை கிழியக் கத்துவது மட்டும் தெரிந்தது. “கோல்கீப்பர்...” என்றார். அவ்வளவுதான், மிச்சத்தைச் சடசடப்பு விழுங்கிவிட்டது.

“சேசுவே! இந்த ஒரு நிமிசம் கேக்கக் கூடாதா?” மிக்கேலுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

ஆசீர்வாதம் டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினான். ரோட்டு வளைவு வரைக்கும் போனவன் அங்கேயே துள்ளிக் குதித்தான். பிறகு இரைக்க இரைக்கத் திரும்பி வந்தான்.

“பையன் பந்தப் புடிச்சிட்டான் அண்ணாச்சி! கப்பு நமக்குத்தான்! பொன்ராஜ், பொன்ராஜ்னு மூணு தடவ சொன்னாரு!”

கேரளம் முழுக்கக் கேட்டது. பெற்றவன் காதில் விழவில்லை. சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று மிக்கேலுக்குத் தெரியவில்லை. “உன்னாலதாம்வே! ஒன் ஓட்ட வால்வாலதான்!” என்று பாய்ந்தார்.

“நில்லுங்க. வளைவுல தெளிவாக் கேட்ட என் டிரான்சிஸ்டரும் உங்க வாசலுக்கு வந்ததும் சடசடங்குது, பாருங்க.” ஆசீர்வாதம் அவரைக் கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துப் போனான். வேலியோரத்து மின்கம்பத்தின் உச்சியில், மஞ்சுக்கு நடுவே நீலப் பொறி விட்டுவிட்டுத் தெறித்தது.

“கம்பியத் தாங்குற பீங்கான் வெடிச்சு கரண்டு கசியுது. உங்க ரேடியோல ஆதியிலருந்தே ஒரு கோளாறும் கெடையாது அண்ணாச்சி. இந்த ஏரியா லைன்மேன் எவன்? சம்பளத்த வாங்கிட்டுப் படுத்துத் தூங்குதானா?”

மிக்கேல் உள்ளே ஓடி, ரேடியோ காலுக்கு அடியிலிருந்த மூன்று பராதிகளையும் உருவினார். அடுக்களையிலிருந்து செபமாலையம்மாளின் குரல் வந்தது.

“அவரு எங்க தம்பி தூங்குனாரு? மூணு மாசமா உன்கூடத்தான சண்ட போட்டுக்கிட்டு இருக்காரு!”