ஞானஸ்நான விருந்தில் ஒரு புட்டி

தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் காப்பி மணக்கிறது. என் பேரனின் ஞானஸ்நானம் முடிந்து, எங்கள் விஸ்கான்சின் வட்டாரத்துப் பால்பண்ணைக் குடும்பங்கள் பன்றிக்கறி ரொட்டியும் கையுமாக அமர்ந்திருக்கின்றன. மூன்று வாரக் குழந்தை பசியில் வீறிடுகிறது. பிறந்தபோது இருந்த எடையைக்கூட அவன் இன்னும் எட்டவில்லை. டாக்டர் சொன்னபடி மருமகள் பிரிட்டா பால்மாவு டப்பாவைத் திறக்கிறாள். என் தங்கை வெர்னா கோப்பையை ஓசையுடன் வைக்கிறாள். "நம்ம டோலஃப்சன் வீட்டுல எந்தப் பொம்பளையும் டப்பாப் பாலைத் தொட்டதில்ல. புட்டியில வளந்தா புள்ளைக்குத் தாய்ப்பாசமே ஒட்டாது." கரண்டியிலிருந்து வெள்ளை விரிப்பின்மேல் மாவு சிந்துகிறது. பிரிட்டா டப்பாவை மூடப் போகிறாள். கூடமே என் முகத்தைப் பார்க்கிறது; இந்தக் குடும்பத்தில் கடைசிச் சொல் என்னுடையது. எனக்கும் அந்த டப்பா பிடிக்காதுதான். ஆனால் எங்கள் வீட்டுப் பெண் நாலு பேர் நடுவில் தலைகுனிவதை நான் பொறுக்கமாட்டேன். "வெர்னா, பொறந்த அன்னைக்கே தாய்கிட்டேருந்து பிரிச்சு, நீ புட்டியில மாவுப்பால் குடுத்து வளத்த கன்னு, பெரிய பசுவான பிறகும் உன் பின்னாலயே ஓடி வருதே! அதுக்குப் பாசம் எங்கேருந்து ஒட்டுச்சு?" பின் மேசையில் யாரோ சிரிப்பை அடக்குகிறார். "அது மாடு, அண்ணே" என்கிறாள் வெர்னா, குரல் இறங்கிவிட்டது. மேசையின் தலைப்பக்கத்தில் இருக்கும் என் நாற்காலியைப் பிரிட்டாவுக்கு இழுத்துப் போடுகிறேன். "இங்க உக்காந்து குடும்மா." அழுகை நிற்கிறது. விழுங்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. பேரன், தாயின் முகத்தைவிட்டுக் கண் எடுக்காமல் குடிக்கிறான்.