நாலு மணிக்கு மேல்

“பள்ளிக்கூடத்துல பேய் இருக்குன்னு சந்தை பூரா சொல்லிட்டுத் திரியறீங்களாமே?”

புன்மா தலைமையாசிரியரைக் கைகூப்பிக் கும்பிட்டாள். சந்தையில் சுட்ட கோழி விற்பவள்.

“இருக்கறதைத்தானே சார் சொன்னேன். நாலு மணிக்கு மேல அந்தக் கடைசி ரூம்ல சின்னப் பிள்ளை ஒண்ணு படிக்குது. தாமரைக் குளத்துல முங்கிச் செத்தானே, படிப்பு வராத பையன்... அவன்தான்.”

“உங்க பையன் தோம் அந்த ரூம்லதானே படிக்கிறான்? பேய் இருக்கற இடத்துக்கு எந்தத் தாயாவது பிள்ளையை அனுப்புவாளா?”

“நாலு மணிக்கு முந்தி அது யாரையும் ஒண்ணும் செய்யாது சார்.”

“நேரம் பாத்து வருதாக்கும்! ஆபீஸ்ல வேலை பாக்குதா?” அவர் எழுந்தார். “படிப்பு வராத பிள்ளைங்களுக்குன்னு அரும்பாடுபட்டு ஒரு வகுப்பு ஆரம்பிச்சிருக்கேன். வாங்க, கதவைத் திறந்தே காட்டறேன்.”

வராந்தாவில் ஆள் இல்லை. அந்த வகுப்பின் விலாய் டீச்சர் மூன்றரைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பியதை அவரே பார்த்திருந்தார். கடைசி அறையின் ஜன்னல்கள் சாத்திக் கிடந்தன. வாசலில் ஒரு ஜோடி செருப்புகூட இல்லை. செருப்பை வாசலில் விடாமல் இந்த ஊரில் யார் வகுப்புக்குள் போவார்கள்?

உள்ளிருந்து குரல் வந்தது.

“யா... யானை... ஆத்துல... ஆத்... குளி... ஆத்துல...”

மெல்லிய குரல். ஒவ்வொரு எழுத்திலும் முட்டிக்கொண்டு, அழுகையை விழுங்கிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து.

“யா... யானை...”

தாழ்ப்பாள் வரை போன தலைமையாசிரியரின் கை நின்றது. தானாகச் சட்டைக்குள் போய், சங்கிலியில் தொங்கிய சின்னப் புத்தரைப் பிடித்துக்கொண்டது.

“நாளைக்கே பிக்குகளைக் கூப்பிட்டுரலாம்” என்றார் கிசுகிசுப்பாக.

“வேண்டாம் சார், பாவம். உசிரோட இருந்தப்ப யாரும் படிக்க விடல. இப்பவாவது படிக்கட்டும்.”

அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்ததும் புன்மா கதவில் இரண்டு தட்டு தட்டினாள்.

திறந்தது விலாய் டீச்சர். ஒரு கையில் செருப்பு. மறு கையில் நாளைய பாடம். விரல் இன்னும் ‘யானை’ மேலேயே இருந்தது.

“போயிட்டாரா அக்கா? எழுத்தெல்லாம் இன்னிக்கு ரொம்பக் குதிக்குது. சின்ன வயசுலேர்ந்து இப்படித்தான். அஞ்சு தடவை பரீட்சையில தோத்து, ஆறாவது தடவை வாங்கின வேலை. இவருக்குத் தெரிஞ்சா, ‘படிக்கத் திணறுறவ பாடம் சொல்லித் தர்றாளா’ன்னு அனுப்பிருவாரு. வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வருஷம் இருக்கு.”

“பத்து வயசு வரைக்கும் அடிச்சும் படிக்காத என் பையன், நேத்து உபோன் டவுனுக்குப் போற பஸ் போர்டைப் படிச்சான் டீச்சர். எப்படிடான்னேன். எழுத்து குதிச்சா விரலால அமுக்கிப் பிடிக்கணும், டீச்சர் சொன்னாங்கன்னான்.”

புன்மா கதவை வெளியிலிருந்து மெதுவாகச் சாத்தினாள்.

“நல்லா சத்தம் போட்டே படிங்க. ஒரு வருஷத்துக்கு இந்தப் பக்கம் எவனும் வரமாட்டான்.”