நடுக்கம்: உண்டு / இல்லை

நடிப்பு. சந்தேகமே இல்லை, நடிப்புதான்.

ரெகார்டு அறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே ரெகார்டு சார் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று ஒரு கையை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் வேகமாக. பிறகு கொஞ்சம் மெதுவாக. திருப்தி இல்லை போலிருக்கிறது, மறுபடி முதலிலிருந்து.

அப்புறம் அதே கையால், விளிம்புவரை நிரம்பிய டீ டம்ளரை எடுத்துக் குடித்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

பார்த்துவிட்ட அவள், வேலைக்குச் சேர்ந்து ஐந்தே மாதமான ஜூனியர் கிளார்க். கல்லூரியில் பிட் அடித்த உயிர்த்தோழியையே காட்டிக்கொடுத்தவள். சும்மா விடுவாளா?

அந்த சோப்புக் கம்பெனி ஆபீசில் ரெகார்டு சாருக்கு நடக்கிற உபசாரம் புது மாப்பிள்ளைக்குக்கூட நடக்காது. தரைத்தளத்தில் தனி அறை. பக்கத்திலேயே கழிப்பறை. மத்தியானம் அரை மணி நேரம் பெஞ்சில் படுத்துக்கொள்ளலாம். கேட்டால் நடுக்குவாதமாம், பார்க்கின்சனாம்.

பதிலுக்கு அவர் மற்றவர்களுக்குத் தரும் மரியாதை? ‘குட் மார்னிங் சார்’ என்றால் முகத்தில் ஒரு கோடுகூட அசையாது. பதில் சொன்னால் அவருடைய சட்டைப் பொத்தானுக்குத்தான் கேட்கும். கழிப்பறைக்குள் போனால் முக்கால் மணி நேரம். போன மாதம் வாசனை எண்ணெய் டின் கவிழ்ந்து மொத்த ஆபீசும் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடியபோது, இவர் மட்டும் அசையாமல் ஃபைல் புரட்டிக்கொண்டிருந்தார்.

“கொழுப்பைப் பார்த்தியா?” என்றார் கேஷியர், கைக்குட்டைக்குள்ளிருந்து.

இன்றைக்குத் தலைமை அலுவலக டாக்டர் வருகிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் இந்தச் சலுகையெல்லாம் நீடிக்கும். அதற்குத்தான் ஒத்திகை!

அவள் நேராக மேனேஜர் அம்மா அறைக்குப் போனாள். ஆபீசில் அந்த அம்மாவுக்குப் பேர் பச்சைமிளகாய்.

“மேடம், ரெகார்டு சார் ஏமாத்தறார். என் கண்ணால பார்த்தேன்.”

“என்ன பார்த்தே?”

சொன்னாள். டீ டம்ளரையும் விடவில்லை.

“கதவைச் சாத்து” என்றார் பச்சைமிளகாய்.

சாத்தினாள். சாருக்கு இன்றோடு சீட்டுக் கிழிந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

“கண்ணாடி பார்த்து ஆட்டினாரா? நிஜமாவா?”

“ஆமா மேடம்.”

“அப்பாடா! நாலு நாளா கரடியா கத்தறேன். இன்னிக்குத்தான் பழகறார் மனுஷன்.”

“நீங்களா மேடம்?”

மேனேஜர் ஒரு ஃபைலை அவள் பக்கம் தள்ளினார். “அந்த ஃபாரத்துல எத்தனை கேள்வி இருக்கு, படி.”

“ரெண்டுதான் மேடம். ‘நடுக்கம்: உண்டு, இல்லை.’ அப்புறம், ‘எந்தக் கை?’”

“அந்த வியாதி அவர் கையை மட்டும் விட்டுடுச்சு. மத்ததெல்லாம் எடுத்துக்கிச்சு. தூக்கம் கிடையாது. நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வயிறு இளகும். எழுந்து நின்னா தலை சுத்தும். மூக்குக்கு ரோஜாவும் சாக்கடையும் ஒண்ணுதான். சிரிக்கத்தான் சிரிக்கிறார், அது முகம் வரைக்கும் வர மாட்டேங்குது. சில நாள் காரணமே இல்லாம மனசு இருண்டுபோய் உட்கார்ந்திருப்பார். முதல் தடவை இதையெல்லாம் டாக்டர்கிட்ட ஒண்ணுவிடாம சொன்னார். சாரும் உன்னை மாதிரி உண்மை விளம்பி.”

“டாக்டர் என்ன சொன்னார்?”

“‘தூக்கம் எனக்கும்தான் வரலை. மலச்சிக்கலா? என் மாமனாருக்கும் இருக்கு. சோப்புக் கம்பெனில வாசனை தெரியலைன்னா கொடுத்து வெச்சவர்யா நீர்! பேரே நடுக்குவாதம், நடுக்கம் எங்கே?’ன்னார். ‘இல்லை’ல டிக் போட்டுட்டுப் போயிட்டார்.”

“நரம்பு டாக்டர் சர்டிபிகேட்?”

“அதை எழுத ஃபாரத்துல இடம் இல்லையாம். சாரை மூணாவது மாடி கவுன்டர்ல நாள் முழுக்க நிக்க வெச்சாங்க. ஒன்பதாம் நாள் தலை சுத்திப் படியில உருண்டார். நெத்தில ஏழு தையல். அப்பவும் அந்தக் கை ஆடலை பாரு, அவ்வளவு நேர்மை!”

வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“அடுத்த தடவை நான்தான் ஆட்டச் சொன்னேன். அரை நிமிஷத்துல கையெழுத்து. இன்னிக்கு நீதான் ஃபைலை எடுத்துக்கிட்டு சாரைக் கூட்டிட்டுப் போகணும். டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லணும்னு தோணினா, தாராளமா சொல்லு.”

வராந்தாவில் ரெகார்டு சார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உதடு அசைந்தது. அவள் முதல்முறையாகப் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தாள்.

“குட் மார்னிங்மா” என்றார். “இந்த வயசுல டிராமா போடறேன். வெக்கமா இருக்கு.”

முகத்தில் மட்டும் ஒரு கோடுகூட அசையவில்லை.

உள்ளே டாக்டர் பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, “அடுத்தது யாருப்பா? சீக்கிரம்!” என்று குரல் கொடுத்தார்.

ரெகார்டு சார் ஒரு மூச்சு இழுத்து விட்டுக்கொண்டு கையை ஆட்டத் தொடங்கினார். நன்றாகத்தான் ஆட்டினார். கண்ணாடி முன்னால் பட்ட பாடு வீண்போகவில்லை.

உயிர்த்தோழியையே காட்டிக்கொடுத்தவள் கையிலிருந்த ஃபைலில் பழைய ஃபாரத்தை ஒருமுறை பார்த்தாள். அவரைப் பார்த்தாள். சட்டென்று அவர் தோளருகே குனிந்தாள்.

“சார், இந்தக் கை இல்ல. போன தடவை இடது கை!”