கழன்று வராத தண்டு

மெக்கானிக்கின் பையில் ஏற்கெனவே ஒரு தண்டு இருந்தது. வாஷிங் மெஷின் தொட்டிக்கு நடுவில் நின்று துணியைப் புரட்டிப் போடுமே, அதே மாதிரி வெள்ளைத் தண்டு. பை வாய் பிளந்து கிடந்ததில் மருமகள் அதைப் பார்த்துவிட்டாள்.

நம்முடையதைக் கழற்றிக்கொண்டு, இந்தப் பழசை மாட்டிவிட்டுப் போகப்போகிறான் என்று அவளுக்குப் பட்டது.

"பையில என்னங்க அது?"

"காலையில வேற வீட்டுல மாத்துனது அக்கா. உடைஞ்சது, தூக்கிப் போடணும்."

எதைக் கேட்டாலும் பதிலைத் தயாராக வைத்திருப்பவர்களை அவள் நம்புவதில்லை. பால்கனி வாசலிலேயே நின்று கண்கொத்திப் பாம்பாக அவன் கையையே பார்த்தாள்.

"அவன் முழியே சரியில்லம்மா! அனுப்பிடு! மெஷின் நல்லாத்தானே ஓடுது!" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து மாமனார் கத்தினார். தெருவுக்கே கேட்டிருக்கும். மெஷின் சுற்றும்போதெல்லாம் உள்ளே 'கடக் கடக்' என்று அடிப்பது அவருக்குக் கேட்டால்தானே?

அவருடைய காதுக் கருவி காணாமல் போய்ப் பத்து நாள் ஆகிறது. மனுஷர் எதையும் தொலைக்கிற ஆளே இல்லை. டிவி ரிமோட்டைக்கூட பாலிதீன் கவரில் போட்டு இரண்டு ரப்பர் பேண்டு மாட்டி வைப்பவர். போன மாதம் தானாகவே கிளம்பிப் போய்க் காது டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்க வீட்டில் யாருக்கும் நேரமில்லை. புதுக் கருவி வாங்குவதற்கும் இப்போது ஒன்றும் அவசரமில்லை.

மெக்கானிக் தண்டின் மேல்மூடியைக் கையாலேயே திருகி எடுத்தான். "இது சும்மா வந்துடும்க்கா. தண்டுதான் பிடிச்சிருக்கு." நீளமான ஸ்பேனரை உள்ளே விட்டு போல்ட்டைக் கழற்றினான். போல்ட் கை நழுவிக் கீழே விழுந்து எங்கேயோ உருண்டது.

"எங்க போச்சு? இப்பத்தானே கையில இருந்தது?" அவள் பார்வை நேராக அவன் சட்டைப் பைக்குப் போனது.

பேப்பரால் முகத்தை மறைத்தபடியே மாமனார் காலை நீட்டி, நாற்காலிக்கு அடியிலிருந்து போல்ட்டைத் தள்ளிவிட்டார். காலில் இடித்திருக்கும் போலிருக்கிறது. மருமகளுக்குச் சப்பென்றாகிவிட்டது.

தண்டு அசையவில்லை. சோப்பு படிந்து படிந்து கல்லாகியிருந்தது. மெக்கானிக் வெந்நீர் கேட்டு வாங்கி, விளிம்பைச் சுற்றி ஊற்றிவிட்டுக் காத்திருந்தான்.

அந்த நேரம் பார்த்துக் கணவனின் போன் வந்தது.

"ஆமாங்க, ஞாயித்துக்கிழமைதான். கரண்டு கனெக்‌ஷன்ல பேர் மாத்தறதுக்குன்னு உங்கப்பாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அவர் எங்க படிச்சுப் பார்க்கப் போறார்? கையெழுத்து வாங்கிட்டா வீடு கைமாறிடும், மறுநாளே உங்க தங்கச்சி வீட்டுல கொண்டு விட்டுடலாம்... இல்லீங்க, பக்கத்துலதான் இருக்கார். இடி விழுந்தாலும் கேக்காது."

காதும் காதும் வைத்தாற்போல் முடிக்க வேண்டிய காரியத்தை, பத்து நாளாக இப்படித்தான் சோற்றுத் தட்டுக்கு முன்னாலேயே பேசி முடித்திருந்தார்கள். மாமனார் பேப்பரில் ஒரு பக்கம் திருப்பினார்.

போனை வைத்தவள், மெக்கானிக் தன்னையே பார்ப்பதைக் கவனித்தாள். "என்ன பார்வை? வேலையைப் பாருங்க" என்றாள். போகிற இடத்தில் இந்த ஆள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பானா என்று பயந்தாள்.

அவன் மறுபடி மெஷின் பக்கம் திரும்பினான். ஒரு பழைய பெல்ட்டைத் தண்டின் அடியில் சுற்றி, மெஷினில் முழங்காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து இழுத்தான். இரண்டு தடவை மெஷின்தான் நகர்ந்தது. மூன்றாவது இழுப்பில் 'ப்ளக்' என்று தண்டு கையோடு வந்தது, அவனும் சுவரில் போய் மோதினான்.

தண்டைக் கவிழ்த்துத் தட்டினான். சோப்புக் கட்டிகளோடு, பாலிதீன் கவரில் சுற்றி இரண்டு ரப்பர் பேண்டு போட்ட ஒரு பொட்டலம் விழுந்தது. உள்ளே சின்ன டப்பா. டப்பாவுக்குள் காதுக் கருவி.

"கடக் கடக்குனு அடிச்சது இதுதான்க்கா. ஆனா தானா விழுந்த மாதிரி தெரியல. மூடியைத் திறந்து யாரோ போட்டிருக்காங்க."

அவள் அதையெல்லாம் எங்கே காதில் வாங்கினாள்? இன்னும் நான்கு நாள் இது கிடைக்காமல் இருந்தால் போதும் என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது. மெக்கானிக்கின் பக்கத்தில் குனிந்து, மூச்சுக் காற்றில் கிசுகிசுத்தாள்.

"அதை என்கிட்ட குடுங்க. கிடைச்சுதுன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

மாமனார் பேப்பரை நான்காக மடித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கவரில் போட்டு ரப்பர் பேண்டு மாட்டினார். பிறகு, பத்து நாளில் முதல் தடவையாக, கத்தாமல் மெதுவாகப் பேசினார்.

"நீயே வெச்சுக்கம்மா. என் காதுல அடைச்சிருந்ததை டாக்டர் போன மாசமே எடுத்துட்டார்."