பக்கத்து வீட்டு ரசிகை

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அங்கே சீரியல் ஓடினால், நான் என் டிவியை ஊமையாக்கிவிட்டே கதை கேட்கலாம்.

"சவுண்டு ஜாஸ்தியா இருக்கா மேடம்? இன்னா பண்றது, சுசீலாவுக்கு அந்த சீரியல்ல வர்ற போலீஸ்காரின்னா உசுரு!" என்று சிரித்தார் அவள் கணவர் கிருபாகரன்.

"வைக்கட்டும் சார். நானும் அந்தப் போலீஸ்காரிக்கு ரசிகைதான்!"

மறுநாள் தண்ணீர் பிடிக்கையில் சுசீலாவிடம் கேட்டேன். "நேத்து மாமியார் எதிர்லயே புருஷனுக்கு விட்டாளே ஒரு அறை, எப்படி?"

சுசீலா விழித்தாள். "நான் சரியா பாக்கலக்கா."

அடுப்படியில் இருந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை போலீஸ்காரி மறுபடியும் கையை ஓங்கினாள். பளார்! நான் கைதட்டினேன். கரண்ட் போய்விட்டது.

டிவி அணைந்த பிறகும் சுவருக்கு அந்தப் பக்கம் அறை விழுந்துகொண்டே இருந்தது.

"வேணாங்க... வலிக்குதுங்க..." சுசீலாவின் குரல்.

ஓடிப்போய் அவர்கள் கதவைத் தட்டினேன். அதற்குள் கரண்ட் வந்தது. உள்ளே டிவி மறுபடி பேச ஆரம்பித்தது. நான் தட்டத் தட்ட, சத்தம் கூடிக்கொண்டே போனது.

"பொண்ணு மேல கை வச்சா சும்மா விடமாட்டேன்!" என்று கர்ஜித்தாள் போலீஸ்காரி.

நான் தட்டியது எனக்கே கேட்கவில்லை.