சக்கரம் இல்லாத பஸ்

"இன்னிக்கும் திட்டிட்டீங்களா மாமா?"

"திட்டாம? கொஞ்சச் சொல்றீங்களா பாய்?"

ராஜவேல் போனை ஜாபிரின் மேசைமேல் வைத்தார். மஞ்சக்குப்பத்தில் ஜாபிருக்கு செல்போன் ரிப்பேர் கடை. ராஜவேல், சிதம்பரம் - காட்டுமன்னார்கோயில் ரூட்டில் இருபத்தெட்டு வருஷம் தனியார் பஸ் ஓட்டியவர். இப்போது தனிக்கட்டை. பொழுதுபோகப் போனில் பஸ் கேம்.

அதில் அவர் ஓட்டிய அதே பச்சை பஸ் இருந்தது. கேம் கம்பெனி கொடுத்ததல்ல. அருள்மொழி என்று ஒருவன் தானே செய்து, வீடியோ போட்டு, கேமில் சேர்த்துக்கொள்ளச் சும்மா கொடுத்த 'மோட்'. பெயிண்ட், ஹாரன், படிக்கட்டு எல்லாம் அச்சு அசல்.

போன மாதம் கேமுக்கு அப்டேட் வந்தது. அன்றிலிருந்து பச்சை பஸ்ஸுக்குச் சக்கரம் இல்லை. தரையில் உட்கார்ந்திருக்கிறது.

"கம்பெனிக்காரன் கேமை மாத்திட்டான் மாமா. பழைய மோட் இதுல ஓடாது. செஞ்சவன்தான் திரும்பச் சரி பண்ணணும். பழைய கேமையே ஏத்தித் தரட்டா?"

"வேணாம். நட்டாத்துல விட்டவன் எவனோ, அவனே வரட்டும்."

முப்பத்திரண்டு நாளாக அந்த வீடியோவுக்குக் கீழே தினமும் ஒரு வசவு. எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதுவார். 'எங்கடா போய்த் தொலஞ்ச?' 'இருக்கியா, இல்லியா?'

"ஒரு பொம்மை பஸ்ஸுக்கு இவ்ளோ கோவமா? வயசாச்சு, விடுங்க."

"நாள் பூரா என்கூட ஏறி இறங்குறது அதுல வர்ற பொம்மை ஜனங்கதான் பாய். வேற யாரு வரா?"

அப்போது போனில் மணி அடித்தது.

"மாமா, பதில் வந்திருக்கு!"

"வந்துட்டானா? படிங்க. எம்மாந்திமிரா எழுதியிருக்கான்னு பாப்போம்."

ஜாபிர் படித்தார்.

"ஐயா, நான் அருள்மொழியோட அம்மா ஞானாம்பாள், சேத்தியாத்தோப்பு. வேலைக்குப் போவாம கேம் பஸ் செஞ்சிகினு உக்காந்திருக்கியேன்னு அவுங்கப்பா கேட்ட ஒரே வார்த்தையில வீட்டை விட்டுப் போனவன். மூணு மாசமாச்சு. போனை எடுக்கல. அவன் கம்ப்யூட்டர்ல இந்தப் பக்கம் தொறந்தே கெடக்கு. தெனம் பாக்குறேன்..."

ஜாபிர் நிறுத்தினார்.

"மீதியையும் படிங்க பாய்."

"...சொந்தக்காரங்க, கூடப் படிச்சவங்க எல்லாம் தேடுறதை விட்டுட்டாங்க. எங்க போனேன்னு தெனம் கேக்குறது நீங்க ஒருத்தர்தான். திட்டுறதை நிறுத்திடாதீங்க ஐயா. அவன் ரோஷக்காரன். உங்களுக்குப் பதில் சொல்லவாச்சும் வருவான்."

ராஜவேல் போனை வாங்கிக்கொண்டார். வெகுநேரம் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினார். ஜாபிர் எட்டிப் பார்த்தார்.

'டேய் களவாணி, பஸ்ஸு கெடக்கட்டும். மொதல்ல வீட்டுக்குப் போடா. அம்மா தேடுது.'