துளையின் அடிப்பக்கம்

“ஆடத் தெரியாதவ தெரு கோணல்னு சொன்னாளாம்!”

ஸ்டோர் ஜன்னலுக்குள்ளிருந்து வந்த குரல் பட்டறை முழுக்கக் கேட்டது. இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவள் கையிலிருந்த, துளை போடும் டிரில் பிட்டை ஜன்னல் கட்டையில் வைத்தாள். “மாமா, புதுசு ஒண்ணு கொடுங்க. இதுல முனையே இல்லை.”

“முனை இல்லையா? நல்லாத்தானே மின்னுது! ஒரு பிட்டுக்கு ஒரு வாரம். அதுதான் இங்க சட்டம்.”

ஸ்டோர் கீப்பருக்குப் பட்டறை வைத்த பெயர் ‘பூட்டு மாமா’. அலமாரிச் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்காது. இரும்போடு பழகியே தலை நரைத்தவர்.

“இரும்புல பிட் மழுங்கினா கிறீச்சுனு கத்தும் மாமா. இது கார்பன் ஃபைபர். துணி துணியா அடுக்கி, பசை போட்டு இறுக்கின பலகை. சத்தமே இல்லாம முனையை அராவித் தின்னுடும். முனை போன பிட் வெட்டாது, தள்ளும். அடி அடுக்கு பிஞ்சுடும்.”

“எனக்கே பாடமா? கைய மெதுவா இறக்கு, எல்லாம் சரியாகும்.”

மெதுவாகத்தான் இறக்கினாள். பலகைக்கு அடியில் மரக்கட்டைகூட முட்டுக் கொடுத்தாள். மேலே துளை அச்சடித்த மாதிரி வட்டமாக விழுந்தது. திருப்பினால், கறுப்பு நார் சிலும்பி, துளைக்குத் தாடி முளைத்திருந்தது.

சூப்பர்வைசர் பார்த்துவிட்டார்.

“என்ன தங்கச்சி, மறுபடியுமா? இன்னொரு பலகை போச்சுன்னா உன்னை பேக்கிங்குக்கு மாத்துறதைத் தவிர எனக்கு வேற வழியில்லை.”

“அண்ணே, பிட்டுதான்...”

“மாமா எத்தனை வருஷமா பார்க்கிறவரு! அவருக்குத் தெரியாததா?”

பேக்கிங் என்றால் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் வேலை. இந்த டிரில் மெஷினுக்கு வர அவள் நடையாய் நடந்தது அவள் செருப்புக்குத்தான் தெரியும்.

மதியம். எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பூட்டு மாமா பூனை மாதிரி வந்தார். கையில் பேப்பரில் சுற்றிய சின்ன கார்பன் தகடு.

“சாப்பிட்டியாம்மா?” குரலில் தேன் ஒழுகியது. “நம்ம பையன் சைக்கிள் ரேஸ் ஓட்டுறான்ல, அவன் சைக்கிளுக்கு. நாலே நாலு ஓட்டை. உன் கை மாதிரி யாருக்கு வரும், சொல்லு?”

“அதுக்கென்ன மாமா, போட்டுட்டாப் போச்சு.”

தகட்டை இறுக்கினாள். தூசி உறிஞ்சும் குழாயைப் பக்கத்தில் இழுத்தாள். காலையில் தாடி வளர்த்த அதே பிட்டை மாட்டி, சுவிட்சில் கை வைத்தாள்.

“ஐயையோ! நிறுத்து, நிறுத்து!”

மாமா பதறிப்போய்ச் சட்டைப் பையிலிருந்து உறை பிரிக்காத பிட் ஒன்றை எடுத்து நீட்டினார்.

“இதைப் போடும்மா. அந்த மழுங்கலைப் போட்டா அடிப்பக்கம் பிஞ்சுடாதா? பையன் எங்கேயாவது விழுந்து வைக்கப் போறான்!”

அவள் மாமாவின் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தாள்.

சாப்பாட்டு டப்பாவோடு அங்கே நின்றிருந்த சூப்பர்வைசர், டப்பாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினார்.

“அலமாரிச் சாவியைக் கொடுங்க, மாமா.”